அகச்சிவப்பு லென்ஸுக்கு எந்தப் பொருள் தாங்கும்? ஜெர்மானியம் முதல் பொட்டாசியம் புரோமைடு வரை ஒரு மதிப்புரை

அகச்சிவப்புக் கதிருக்கான லென்ஸோ ஜன்னலோ வாங்கப் புறப்படுகிறவருக்கு விற்பனையாளர் முதலில் நீட்டுவது ஊடுருவல் வரைபடத்தைத்தான். எந்த அலைநீளத்தில் எத்தனை விழுக்காடு ஒளி பொருளைக் கடந்து செல்கிறது என்று அது காட்டும். கோடு உயரமாக இருந்தால் பொருள் நல்லது என்று பலரும் அங்கேயே முடிவுசெய்துவிடுகிறார்கள். தெர்மல் கேமராவின் லென்ஸ்கள், கார்பன் டை ஆக்சைடு லேசர் வெட்டும் இயந்திரங்களின் லென்ஸ்கள், ஒரு பொருள் எந்த அலைநீளங்களைக் கவர்கிறது என்று அளக்கும் வேதியியல் ஆய்வக நிறமாலைமானிகளில் பொருத்தும் ஜன்னல்கள் ஆகியவற்றைத் தேர்ந்து வாங்குவதும் பொருத்துவதும் என் தொழில். அந்த அனுபவத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்வேன்: எதை விலக்க வேண்டும் என்பதை மட்டுமே வரைபடம் சொல்லும், மீதமிருப்பவற்றில் எதை வாங்க வேண்டும் என்பதை வெப்பமும், ஈரப்பதமும், அந்தப் பொருளைத் துடைக்கப்போகிற கையும்தான் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும் முன்னிறுத்தியே கீழே ஒவ்வொரு பொருளையும் மதிப்பிடுகிறேன்.

சாதாரணக் கண்ணாடி இங்கே ஏன் உதவுவதில்லை என்பதிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் பிற பொருட்களின் குணங்குறைகளும் அதே காரணத்திலிருந்தே கிளைக்கின்றன. கண்ணாடியில் சிலிக்கானும் ஆக்சிஜனும் வலுவாகப் பிணைந்துள்ளன. அந்தப் பிணைப்பின் அதிர்வு அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுகிறது. மிகத் தூய்மையான உருக்கிய சிலிக்காகூட ஏறத்தாழ 3.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் ஒளியை விடுவதில்லை. ஆனால் மனித உடலின் வெப்பக் கதிர்வீச்சு உச்சம் பெறுவது 9.5 மைக்ரான் அருகில். வளிமண்டலம் தடையின்றி வழிவிடுவது 3 முதல் 5 மைக்ரான் வரையிலும், 8 முதல் 14 மைக்ரான் வரையிலும். அவ்வளவு நீண்ட அலைகளைக் கடத்த வேண்டுமானால் கனமான அணுக்களும் தளர்வான பிணைப்புகளும் கொண்ட பொருளைத் தேட வேண்டும். பிணைப்பு தளர்ந்தால் பொருள் மென்மையாகிறது, எளிதில் கீறுகிறது, சில வேளைகளில் நீரிலும் கரைகிறது. நீண்ட அலைநீளத்தைத் தரும் பொருள் வலிமையை விலையாகக் கேட்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், விற்பனைப் பட்டியல்களில் உள்ள பாதிப் புதிர்கள் தாமாகவே விடுபட்டுவிடும்.

அந்த விதிக்குப் பெரிய விலக்காக நிற்பது ஜெர்மானியம். மெண்டலீவ் 1871-இல் இருக்க வேண்டும் என்று கணித்த இந்தத் தனிமத்தை, 1886-இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் கிளெமன்ஸ் விங்க்லர் ஆர்கைரோடைட் என்ற கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தார். ஒரே வகை அணுக்களால் ஆன படிகம் என்பதால் அதன் அணுக்கோப்பு அதிர்வு கதிரைக் கவர்வது மிகக் குறைவு. ஆகவே கடினமாக இருந்துகொண்டே 2 முதல் 14 மைக்ரான் வரை ஒளியைக் கடத்துகிறது. கண்ணுக்கு அது சாம்பல் நிற உலோகத் துண்டு போலத் தெரியும். ஒரு துளி வெளிச்சமும் ஊடுருவாது. தெர்மல் கேமராவின் முன்புறம் கண்ணாடிபோல் பளபளக்கும் அந்த வட்டம் பெரும்பாலும் இதுவே.

ஜெர்மானியத்தின் சிறப்புகளில் முதலாவது அதன் ஒளிவிலகல் எண். 10 மைக்ரானில் அது 4.0, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5 மட்டுமே. எண் உயர்ந்திருப்பதால் சிறிய வளைவே ஒளியை வலுவாகக் குவிக்கிறது, லென்ஸ் மெல்லியதாக அமைகிறது, பிம்பத்தின் பிறழ்ச்சிகளும் குறைகின்றன. அதோடு 8 முதல் 12 மைக்ரான் வரையில் நிறப்பிரிகை, அதாவது அலைநீளத்துக்கேற்ப ஒளி வெவ்வேறு அளவில் வளைவது, மிகச் சிறிது என்பதால், ஒரே பொருளில் செய்த லென்ஸே பல வேலைகளுக்குப் போதுமானதாகிறது. ஆனால் அதே உயர்ந்த எண் ஒரு குறையையும் கூடவே கொண்டுவருகிறது. ஒவ்வொரு பரப்பிலும் 36 விழுக்காடு ஒளி எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது. பூச்சு இல்லாத ஜெர்மானியத் தகடு மொத்தத்தில் 47 விழுக்காடு ஒளியை மட்டுமே உள்ளே விடும். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு இங்கே கூடுதல் வசதி அன்று, லென்ஸின் பாதி அதுதான். மலிவான விலையில் பூச்சில்லாத ஜெர்மானியத்தைக் கண்டால், அதை வாங்கிப் பின்னர் பூச்சு போட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். ஒற்றை லென்ஸுக்காகப் பூச்சிடும் வெற்றிடக் கலனை இயக்கும் செலவு லென்ஸின் விலையைத் தாண்டிவிடும்.

இனி வெப்பம். ஜெர்மானியத்தின் உண்மையான பலவீனம் இதுவே, ஊடுருவல் வரைபடம் மூடி மறைப்பதும் இதையே. வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0004 கூடுகிறது. எண்ணைப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். 100 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள ஒரு ஜெர்மானிய லென்ஸை எடுத்துக்கொண்டு, பின்னிரவின் 20 டிகிரியிலிருந்து நண்பகல் வெயிலில் சூடேறிய உலோகப் பெட்டியின் 50 டிகிரிக்குக் கொண்டுபோனால், குவியம் ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் நகர்கிறது. எஃப்/1 அளவுள்ள, அதாவது விட்டமும் குவியத் தொலைவும் சமமான, லென்ஸுக்கு 10 மைக்ரான் அலைநீளத்தில் குவியம் தவறலாம் என்று அனுமதிக்கப்படும் அளவோ இருபுறமும் 0.02 மில்லிமீட்டர் மட்டுமே. அதாவது இரவில் கூர்மையாகச் சரிசெய்து பூட்டிய கேமரா மதியத்தில் மங்கலான படத்தையே தரும். வெப்பநிலைக்கு ஏற்பக் குவியத்தைத் தானாகத் திருத்தும் அமைப்பு இல்லாத கூட்டில், திறந்தவெளிக் கண்காணிப்புக்கு ஜெர்மானியத்தை மட்டும் நம்பிய லென்ஸை நான் பரிந்துரைப்பதில்லை.

இதைவிடக் கடுமையான இன்னொன்றும் உண்டு. ஜெர்மானியத்தின் பட்டை இடைவெளி, அதாவது ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு நகரத் தேவையான ஆற்றல், 0.67 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. சூடேறச் சூடேறக் கட்டற்ற மின்னூட்டங்கள் பெருகி, அவை கதிரைக் கவரத் தொடங்குகின்றன. கவர்ந்ததால் மேலும் சூடேறுகிறது, சூடேறியதால் மேலும் கவர்கிறது. இந்தச் சுழல் பிடித்துக்கொண்டால் லென்ஸ் ஒளிபுகாததாகிவிடும். ஆகவே 100 டிகிரிக்குக் கீழேயே அதைப் பயன்படுத்த வேண்டும். உலை வாயிலைப் பார்க்கும் ஜன்னலாகவோ, அதிக ஆற்றலுள்ள லேசரின் பாதையிலோ ஜெர்மானியத்தை வைப்பது தவறான தேர்வு. அறை வெப்பநிலையில் அளந்த வரைபடத்தில் இதற்கான அறிகுறி எதுவும் இருக்காது.

ஈரப்பதத்தையும் கையையும் பொறுத்தவரை ஜெர்மானியத்துக்குத் தாராளமாக மதிப்பெண் தருவேன். நீரில் கரையாது, நூப் அளவில் (எண் உயர உயரப் பரப்பு கடினமானது) கடினத்தன்மை 780, வெளிப்பரப்பில் வைரத்தை ஒத்த கார்பன் பூச்சு இருந்தால் கடற்கரைக் காற்றையும் மணல் தூசியையும் நன்றாகவே தாங்கும். கீழே விழுந்தால் மட்டும் விளிம்பு சிதறிவிடும். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 5.33 கிராம் என்பதால் பெரிய லென்ஸ்கள் கனமானவை. ட்ரோனில் ஏற்ற வேண்டிய கேமராவில் அந்தக் கனம் பறக்கும் நேரத்தைக் குறைக்கும்.

விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெர்மானியத்துக்கெனத் தனிச் சுரங்கம் பெரும்பாலும் இல்லை; துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கும்போதும், சில வகை நிலக்கரிச் சாம்பலிலிருந்தும் துணைப்பொருளாகவே அது கிடைக்கிறது. ஆகவே தேவை கூடினால் உடனே உற்பத்தியைக் கூட்ட முடியாது. உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவுடையது. அந்நாடு 2023 ஆகஸ்ட் முதல் ஜெர்மானிய ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கான ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. 2025 நவம்பரில் அந்தத் தடையைத் தற்காலிகமாக ஒத்திவைத்தது. இதற்கிடையில் சந்தை விலை இரு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. இந்திய அரசின் சுரங்க அமைச்சகம் 2023-இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் ஜெர்மானியமும் செலினியமும் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. இன்று பெறும் விலைப்புள்ளி அடுத்த மாதமும் செல்லுபடியாகும் என்று எண்ணித் திட்டமிடாமல், தேவையான லென்ஸ்களை உதிரிகளோடு சேர்த்து ஒரே முறையில் வாங்கிவிடுவது நல்லது.

இந்த நெருக்கடியால் உண்மையான பயன் பெற்றிருப்பது சால்கோஜெனைடு கண்ணாடி. கந்தகம், செலினியம், டெல்லூரியம் ஆகியவற்றில் ஒன்றை ஆர்செனிக், ஜெர்மானியம், ஆன்டிமனி போன்றவற்றோடு உருக்கிச் செய்யும் கருநிறக் கண்ணாடி இது. ஆர்செனிக் நாற்பதும் செலினியம் அறுபதும் என்ற அணு விகிதத்தில் அமைந்த வகையில் ஜெர்மானியமே கிடையாது. ஒளிவிலகல் எண் சுமார் 2.78. ஜெர்மானியம் 28, ஆன்டிமனி 12, செலினியம் 60 என்ற இன்னொரு வகையிலும் அந்த விலையுயர்ந்த தனிமம் சிறுபங்குதான். படிகமாக இல்லாமல் கண்ணாடியாக இருப்பதால் இதைச் சூடாக்கி அச்சில் அழுத்தியே லென்ஸாக வார்க்கலாம். ஜெர்மானியத்தில் கோளமல்லாத வளைவு வேண்டுமென்றால் ஒவ்வொரு லென்ஸையும் வைரமுனைக் கடைசலில் தனித்தனியே செதுக்க வேண்டும்; இதில் ஒரு நல்ல அச்சு ஆயிரக்கணக்கில் பிள்ளை பெறும்.

வெப்ப மாற்றத்தைத் தாங்குவதில் ஆர்செனிக் செலினைடு வகை ஜெர்மானியத்தை வெகுவாக விஞ்சுகிறது. வெப்பத்தோடு அதன் ஒளிவிலகல் எண் மாறும் வீதம் ஜெர்மானியத்தின் வீதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. அதன் வெப்ப விரிவு அலுமினியத்தின் விரிவுக்கு அருகில் வருவதால் அலுமினியக் கூட்டில் பொருத்தும்போது லென்ஸும் கூடும் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்குகின்றன. வாகனங்களிலும் திறந்தவெளிக் கண்காணிப்பிலும் பொருத்தும் கேமராக்களுக்கு இதுவே என் முதல் தேர்வு. ஆனால் மேற்பரப்பு மென்மையானது. நூப் எண் நூறை ஒட்டியே இருக்கும். இது சுமார் 185 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால் சூடான இடங்களில் ஜெர்மானியத்தைப் போலவே இதுவும் கைவிட்டுவிடும். வெளியில் தெரியும் முகப்பு லென்ஸ் இதனால் ஆனதென்றால், கடினப் பூச்சு இருப்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆர்செனிக் என்ற பெயரைக் கேட்டு அஞ்சுகிறவர்களுக்கு: முழு லென்ஸைக் கையாள்வதில் அபாயமில்லை, அதைத் தேய்க்கவோ அரைக்கவோ முற்பட்டால்தான் அபாயம்.

சிலிக்கானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, கடினம், ஜெர்மானியத்தின் எடையில் பாதிக்கும் குறைவு; 3 முதல் 5 மைக்ரான் வரையிலான கேமராக்களுக்கு மிகச் சிறந்த பொருள். 9 மைக்ரான் அருகே படிகத்தில் சிக்கிய ஆக்சிஜன் கதிரைக் கவர்வதால் நீண்ட அலைக் கேமராக்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. லென்ஸை மிக மெல்லியதாகச் செய்து அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளும் சிறிய கேமராத் தொகுதிகளும் உண்டு. கைப்பேசியோடு இணைக்கும் அளவிலான கருவிக்கு அந்தச் சமரசம் நியாயமானதே.

துத்தநாக செலினைடை, சந்தை வழக்கில் ஜிங்க் செலினைடை, கொஞ்சம் விரிவாகப் பேசத்தான் வேண்டும், ஏனெனில் நம் ஊர்களில் சாதாரண வணிகர்கள் காசு கொடுத்து வாங்கும் அகச்சிவப்புப் பொருள் இதுவே. அக்ரிலிக் எழுத்துகளையும் மரப்பலகையையும் தோலையும் துணியையும் வெட்டும் கடைகளில் ஓடும் கார்பன் டை ஆக்சைடு லேசர், 1964-இல் பெல் ஆய்வகத்தில் மகாராஷ்டிரத்தில் பிறந்த குமார் படேல் உருவாக்கியது. அது 10.6 மைக்ரானில் ஒளிர்கிறது. உலோகத் தகடு வெட்டும் வேலையை ஃபைபர் லேசர் பெரும்பாலும் பறித்துக்கொண்டாலும், ஒளிபுகும் அக்ரிலிக் 1 மைக்ரான் ஒளியைக் கவர்வதில்லை என்பதால் அந்த வேலை இன்னமும் கார்பன் டை ஆக்சைடு லேசரிடமே இருக்கிறது. அதன் குவிமுனையில் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் நிற லென்ஸ்தான் துத்தநாக செலினைடு.

துத்தநாக ஆவியையும் ஹைட்ரஜன் செலினைடு வாயுவையும் வெப்பக் கலனில் வினைபுரியச் செய்து, தகட்டின்மேல் பொறுமையாகப் படியவைத்து இந்தப் பொருளை வளர்க்கிறார்கள். இவ்வாறு வளர்ந்த நல்ல தரத்தில் 10.6 மைக்ரான் கதிர் ஒரு சென்டிமீட்டர் தடிமனைக் கடக்கும்போது கவரப்படுவது இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியும் இதில் கடந்துவிடுவது இன்னொரு நன்மை. குறிபார்க்கும் சிவப்பு லேசரை அதே பாதையில் அனுப்பி இயந்திரத்தை ஒழுங்குசெய்துகொள்ளலாம், ஜெர்மானியத்தில் அது நடக்காது. வெப்பத்தோடு ஒளிவிலகல் எண் மாறுவதும் ஜெர்மானியத்தின் ஆறில் ஒரு பங்கு அளவே. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்பதே என் முடிவு.

ஆனால் துடைக்கும் கை தவறினால் இந்தப் பொருள் மன்னிப்பதில்லை. நூப் எண் 120 என்பது மிக மென்மையான பரப்பைக் குறிக்கிறது. பூச்சோடு கூடிய புதிய லென்ஸ் தன்மேல் விழும் ஆற்றலில் 0.2 விழுக்காடு அளவுக்கே கவர்கிறது. 100 வாட் லேசரில் அது 0.2 வாட். அக்ரிலிக் புகை படிந்த லென்ஸில் இந்த அளவு பல மடங்காகிறது. நடுப்பகுதி சூடேறி உப்புகிறது, குவியம் நகர்கிறது, வெட்டு அகலமாகிறது. இயந்திரத்தை இயக்குபவரோ லேசர் குழாயின் ஆற்றல் குறைந்துவிட்டதாக நினைத்து மின்னோட்டத்தை ஏற்றுகிறார், லென்ஸ் பிளக்கிறது. லேசர் குழாய் பழுதென்று என்னிடம் வரும் புகார்களில் கணிசமானவை அழுக்கான லென்ஸில்தான் முடிகின்றன. புகையை விலக்கும் ஊதுகாற்று ஓடாமல் வெட்டுவதைப்போல் லென்ஸின் ஆயுளைக் குறைப்பது வேறொன்றுமில்லை.

துடைக்கும் முறையையும் பொருளின் தரத்தில் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். முதலில் ரப்பர் குமிழால் காற்றை ஊதித் தூசியை அகற்றுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும். பின்னர் தூய அசிட்டோனிலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ நனைத்த லென்ஸ் தாளைப் பரப்பின்மேல் கிடத்தி, தன் எடையாலேயே நகருமாறு ஒரே திசையில் இழுங்கள். அழுத்தவே கூடாது. சட்டைத் துணியும் மேசை துடைக்கும் காகிதமும் பூச்சை உரித்துவிடும். லென்ஸைத் திரும்ப வைக்கும்போது குவிந்த பக்கம் லேசர் வரும் திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாக வைத்தால் புள்ளி பெருத்து வெட்டு மோசமாகும், அதற்கும் பழி லென்ஸின் தரத்தின்மேல் விழும்.

சிறிய இயந்திரங்களுக்கு 18, 19.05, 20 மில்லிமீட்டர் விட்டங்களிலும், 38.1, 50.8, 63.5, 101.6 மில்லிமீட்டர் குவியத் தொலைவுகளிலும் லென்ஸ்கள் கிடைக்கின்றன. இணையக் கடைகளில் ஆவிப்படிவில் செய்த மலிவு வகை என்றும், மேலே சொன்ன வேதிவினைப் படிவில் வளர்த்த உயர்வகை என்றும் இரண்டு விலைகளில் விற்கிறார்கள். 40 அல்லது 60 வாட் குழாயில் வாரத்தில் சில மணிநேரம் வேலை பார்ப்பவருக்கு மலிவு வகையே போதும், அழுக்கடைந்தபின் மாற்றிக்கொள்ளலாம். 100 வாட்டுக்கு மேல் நாள் முழுவதும் ஓடும் இயந்திரத்துக்கு உயர்வகையில் செலவிடும் பணம் வீண்போகாது. தூசி அதிகமுள்ள இடத்தில், துடைத்துத் துடைத்தே லென்ஸ்கள் வீணாகின்றன என்றால், கேலியம் ஆர்செனைடு லென்ஸைப் பரிசீலிக்கலாம். அது அதிகக் கடினமானது, கீறலைத் தாங்கும். ஆனால் சிவப்புக் குறியொளி அதில் கடக்காது. பாதையில் உள்ள எதிரொளிப்பு ஆடிகளைப் பொறுத்தவரை, தங்கப் பூச்சுள்ள சிலிக்கான் அதிக ஒளியைத் திருப்பும், மாலிப்டினம் அடிக்கடி துடைப்பதைத் தாங்கும். அழுக்கான பட்டறைக்கு மாலிப்டினத்தையே சொல்வேன்.

துத்தநாக சல்பைடு அதன் கடினமான உறவு. செலினைடைவிட வலிமையும் கீறலைத் தாங்கும் திறனும் அதிகம் என்பதால், விமானங்களிலும் ஏவுகணைகளிலும் மழையையும் மணலையும் நேருக்கு நேர் சந்திக்கும் ஜன்னல்களாகிறது. உயர் அழுத்தத்தில் சூடாக்கிப் பதப்படுத்தினால் நீர்போலத் தெளிந்து கண்ணுறு ஒளியையும் கடத்தும். அந்தத் தெளிவுக்காக வலிமையில் கொஞ்சத்தை இழக்கிறது. 5 மைக்ரான் போதும் என்றால் செயற்கை நீலக்கல்லைவிட உறுதியான ஜன்னல் கிடையாது. கீறாது, நீருக்கும் பெரும்பாலான அமிலங்களுக்கும் அசையாது, வெப்பத்தையும் தாங்கும். அந்த எல்லைக்குள் வேலை முடிகிறவர்கள் வேறெதையும் தேட வேண்டாம்.

ஆய்வகங்களுக்கு வருவோம். உப்புப் படிகங்களின் கதை நீளமானது: 1800-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் அகச்சிவப்பைக் கண்டறிந்த சில பத்தாண்டுகளில், இத்தாலியரான மாசெடோனியோ மெலோனி பாறையுப்பு வெப்பக் கதிரைத் தாராளமாகக் கடத்துவதைக் காட்டினார். அந்த வழியில் வந்த பொட்டாசியம் புரோமைடு இன்றும் நம் கல்லூரிகளின் வேதியியல் துறைகளில் ஆட்சி செய்கிறது. 25 மைக்ரான் வரை தெளிவாகக் கடத்தும், விலை குறைவு, ஒரு மில்லிகிராம் அல்லது இரண்டு மில்லிகிராம் மாதிரியை உலர்ந்த தூளோடு அரைத்து அழுத்தியில் வில்லையாக்கும் முறை எளிமையானது. வரைபடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் இதற்கே முதல் பரிசு.

ஆனால் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி மாதத்தில் இதைத் திறந்து வைத்துப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, பளபளத்த பரப்பு பால்போல மங்கிவிடும். நிறமாலையில் அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 3400 அருகிலும் 1640 அருகிலும் மாதிரியில் இல்லாத நீரின் பட்டைகள் எழும். அவற்றை மாதிரியிலேயே உள்ள ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதி என்று எழுதிவைக்கும் ஆய்வேடுகள் எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகின்றன. மாணவர்களின் உழைப்பு ஒரு மங்கிய தூளால் கெடக் கூடாது. தூளை 110 டிகிரியில் உலர்த்தி, உலர்கலனில் வைத்து, சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் புதுப்பிக்கும் ஒழுங்கு இல்லாத ஆய்வகத்துக்கு இந்தப் பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதைவிட முக்கியமானது கருவிக்குள்ளேயே இருக்கும் ஒளிபிரிப்பான். பல நிறமாலைமானிகளில் அது ஜெர்மானியப் பூச்சிட்ட பொட்டாசியம் புரோமைடு. கருவியின் மிக விலையுயர்ந்த உறுப்புகளில் ஒன்று. விடுமுறையில் குளிர்சாதனத்தை அணைத்து, உலர்த்தியையும் மாற்றாமல் பூட்டிவிட்டுச் சென்றால் திரும்பி வரும்போது அது மங்கியிருக்கும். புதிதாக வாங்கும் கடலோரக் கல்லூரிகள், அலைநீள வரம்பில் சிறிது இழந்தாலும், துத்தநாக செலினைடு ஒளிபிரிப்பானுள்ள கருவியைக் கேட்டு வாங்குவது அறிவுடைமை.

மாதிரியைப் படிகத்தின்மேல் நேரடியாக வைத்து அளக்கும் துணைக்கருவியிலும் இதே தேர்வு வரும். துத்தநாக செலினைடுப் படிகம் மலிவு. ஆனால் அமில, காரத் தன்மையைக் காட்டும் pH எண் 5-க்கும் 9-க்கும் இடைப்பட்ட மாதிரிகளுக்கு மட்டுமே அது உகந்தது. வலிய அமிலத்தை அதன்மேல் ஊற்றினால் பரப்பு அரிக்கப்படுவதோடு நச்சு வாயுவான ஹைட்ரஜன் செலினைடும் வெளிவரும். இளநிலை மாணவர்கள் கையாளும் கருவியென்றால் வைரப் படிகத்துக்கே பணத்தை ஒதுக்குங்கள். தொடக்க விலை உறுத்தும். பின்னர் கவலைப்பட எதுவும் இருக்காது.

ஃப்ளூரைடுகளில் கால்சியம் ஃப்ளூரைடு பொதுவாக 8 மைக்ரான் வரை பயன்தரும். ஒளிவிலகல் எண் 1.4 என்பதால் பூச்சில்லாமலே 90 விழுக்காட்டுக்கு மேல் ஒளியைவிடும், அதுவே அதன் பெரிய கவர்ச்சி. திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடும். மின்பலகைகளைத் திறக்காமலே தெர்மல் கேமராவால் சோதிப்பதற்குப் பொருத்தும் ஜன்னல்களில் இது வருகிறது. அங்கே ஓர் எச்சரிக்கை: பெரும்பாலான தெர்மல் கேமராக்கள் வேலைசெய்வது 8 முதல் 14 மைக்ரான் வரையில், அதாவது இந்தப் பொருளின் ஊடுருவல் சரியத் தொடங்கும் இடத்தில். ஜன்னலின் ஊடுருவல் அளவைக் கேமராவில் பதிவுசெய்து திருத்தாவிட்டால், ஆபத்தான அளவு சூடேறிய இணைப்பும் பாதுகாப்பானதாகத் தெரியும். ஃப்ளூரைடுகளின் அருமையைக் காண வேண்டுமானால் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அண்மை அகச்சிவப்புக் கேமராவைப் பார்க்கலாம்: லித்தியம் ஃப்ளூரைடு, பேரியம் ஃப்ளூரைடு, துத்தநாக செலினைடு ஆகிய மூன்றையும் சேர்த்த லென்ஸ்கள் அதில் ஏறத்தாழ 37 கெல்வின் குளிரில் வேலைசெய்கின்றன. ஈரமும் கையும் எட்டாத இடத்தில் மென்மையான பொருட்களும் அற்புதம் செய்யும்.

40 மைக்ரான் வரை போக வேண்டியவர்களுக்குத் தாலியம் புரோமோ அயோடைடு என்ற செந்நிறப் படிகம் உண்டு. அதில் தாலியம் கொடிய நச்சு. படிகம் அழுத்தத்தில் மெல்ல வடிவம் மாறக்கூடியது. கட்டாயத் தேவையில்லாமல் வாங்க வேண்டாம்.

வாங்கும் இடத்தில் செய்யக்கூடிய சில சோதனைகள் பெரும் இழப்பைத் தடுக்கும். சிலிக்கானும் ஜெர்மானியமும் பார்வைக்கு ஒன்றுபோலவே சாம்பல் நிறத்தில் மின்னும். சிலிக்கானை ஜெர்மானியம் என்று விற்ற ஒரு கடையை நானே பார்த்திருக்கிறேன். தங்கக் கடையில் இருப்பதுபோன்ற சிறு தராசு போதும்: 25 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தட்டையான ஜன்னல் ஜெர்மானியமானால் 7.8 கிராம் இருக்கும், சிலிக்கானானால் 3.4 கிராம்தான். பூச்சு எந்த அலைநீளத்துக்கானது என்பதை எழுத்தில் கேளுங்கள்; 3 முதல் 5 மைக்ரானுக்கான பூச்சுள்ள ஜெர்மானியம் 8 முதல் 12 மைக்ரானுக்கான கேமராவில் ஒளியைப் பெருமளவு திருப்பிவிடும், வெளித்தோற்றத்திலோ வேறுபாடு தெரியாது. ஜெர்மானியத்துக்கு மின்தடை எண்ணையும் கேட்கலாம். ஒளியியல் தரத்துக்கு 5 முதல் 40 ஓம் சென்டிமீட்டர் என்பது வழக்கம், அந்த எண்ணைத் தர மறுப்பவரிடம் பெரிய தொகைக்கு வாங்காதீர்கள்.

லேசர் லென்ஸ் உடைந்தாலோ கருகினாலோ வெறுங்கையால் துண்டுகளைப் பொறுக்க வேண்டாம். செலினைடுத் தூளும் புகையும் நச்சுத்தன்மை உடையவை. சில உயர்தரப் பூச்சுகளில் சிறிதளவு கதிரியக்கமுள்ள தோரியம் ஃப்ளூரைடும் இருக்கும், பூச்சு முழுதாக இருக்கும்வரை அதனால் கேடில்லை. இயந்திரத்தை நிறுத்தி, புகை அடங்கும்வரை அறையைவிட்டு விலகி நின்று, கையுறையணிந்து ஈரத்தாளால் துகள்களை ஒற்றியெடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அடையாளம் எழுதி வையுங்கள். பழைய லென்ஸ்களைத் திரும்பப் பெற்று முறையாக அப்புறப்படுத்தும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். வாங்கும் நாளிலேயே அந்த ஏற்பாடு உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம்.